மாமா, அத்தையோடு டிசம்பரில் ஆல்ப்ஸ் பக்கம் காரில் போகலாமா?

கேள்வி: மியூனிக்கில் வசிக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. டிசம்பர் 20 அன்று மாமனாரும் மாமியாரும் விருதுநகரிலிருந்து முதல் முறையாக வருகிறார்கள். இரண்டு மாதம் இருப்பார்கள். மாமாவுக்கு 69 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அத்தைக்கு 64, முழங்கால் வலி. டிசம்பர் 25 முதல் ஜனவரி 2 வரை எங்கள் காரிலேயே சால்ஸ்பர்க், வெனிஸ், மிலன், லூசர்ன், இன்டர்லாகன், பாரிஸ் என்று சுற்றிவரக் கணவர் திட்டம் போட்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வேண்டாம் என்றால், அவர்களை வெளியே கூட்டிப்போக எனக்கு மனமில்லை என்று ஆகிவிடுமோ என்று தயக்கம். மாமாவிடம் கேட்டால் "உங்க இஷ்டம்மா" என்கிறார். போகலாமா? போனால் எப்படிப் போவது? அத்தைக்கு எந்த மாதிரி ஷூ வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் இந்த வழியில் வேண்டாம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கணவரிடம் கணக்கோடு வைத்தால் அவரும் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். பதினாறு வருடங்களாகத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐரோப்பியப் பயணம் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். பல குளிர்காலங்களில் நானே வேன் ஓட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெரியவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணவர் போட்ட வழியைக் கூட்டிப் பார்த்தேன். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் 145 கி.மீ., அங்கிருந்து வெனிஸ் 430, மிலன் 270, கோத்தார்ட் சுரங்கம் வழியாக லூசர்ன் 240, இன்டர்லாகன் 70, பாரிஸ் 600, பாரிஸிலிருந்து வீடு 840. மொத்தம் ஏறக்குறைய 2,600 கி.மீ., ஒன்பது நாளில். ஜூன் மாதத்தில் நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். டிசம்பர் கடைசியில் மியூனிக்கில் சூரியன் காலை 8 மணிக்கு உதித்து மாலை 4.20-க்கு மறைந்துவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வெளிச்சம், அவ்வளவுதான். அத்தை எழுந்து, குளித்து, சாப்பிட்டு, மாமா ஊசி போட்டு, பையனைக் கிளப்பி நீங்கள் வண்டி எடுக்கும்போது மணி பத்தாகியிருக்கும். மீதி ஆறு மணி நேரம். பாரிஸிலிருந்து வீடு திரும்பும் அந்த 840 கி.மீ. நிறுத்தங்களோடு பதினோரு மணி நேரம் பிடிக்கும். அதில் பாதி இருட்டில். மாமாவும் அத்தையும் பார்க்கப்போவது கறுப்புக் கண்ணாடியும் ஆடிக்கொண்டிருக்கும் வைப்பரும்தான்.

இதைக் கணவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அப்பா அம்மா இன்னொரு முறை வருவார்களோ என்னவோ, வந்த இடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் துடிக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் இப்படி ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். அந்தத் துடிப்பு நல்லது. அதைக் கொஞ்சம் சின்ன வட்டத்துக்குள் திருப்பிவிட வேண்டும்.

முதலில் வெனிஸை எடுத்துவிடுங்கள். அங்கே காரை ஊர் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள் வைத்தவை. முழங்கால் வலிக்கு அது தண்டனை. குளிர்காலத்தில் கடல் நீர் ஏறும் நாட்களும் உண்டு. மிலனும் அதோடு போகட்டும். பாரிஸை விடவே கூடாது என்றால் பிப்ரவரியில் ஒரு வார இறுதியில் ரயிலில் கூட்டிப்போங்கள். மியூனிக்கிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஆறு மணி நேரம். ரயிலில் மாமா நடக்கலாம், கழிவறை பக்கத்தில், அத்தை காலை நீட்டிக்கொள்ளலாம்.

இப்போது சாலை. நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது: எல்லாமே பனிதான். மார்கழி அதிகாலையில் வாசல் கோலத்தில் இறங்குவது பனி, வயல் மேல் புகை மாதிரி நிற்பது பனி, ஆல்ப்ஸ் மலையில் வெள்ளையாகக் குவிந்திருப்பதும் பனி. கார் ஓட்டுகிறவருக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆபத்துகள். விழுந்துகொண்டிருக்கும் வெண்பனி கண்ணுக்குத் தெரியும். வண்டிகளும் மெதுவாகப் போகும், உப்பு தூவும் லாரி வந்துவிடும். மூடுபனி அப்படி இல்லை. வெயிலில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் எதிரே ஐம்பது மீட்டர்கூடத் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது ஜெர்மனியில் 'கிளாட்டைஸ்' என்கிறார்களே, அது. உறைந்து கிடக்கும் தரையில் லேசாகத் தூறல் விழுந்து, சாலை ஈரம்போல் மட்டும் தெரியும். அது ஈரமில்லை, கண்ணாடிப் படலம். பாலங்களின் மேல்தான் முதலில் உறையும், ஏனென்றால் அடியிலும் காற்று போகிறது. வெப்பமானி 3 டிகிரிக்குக் கீழே காட்டினால் பாலத்தின் மேல் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சட்டென்று தொடாமல் ஓட்டச் சொல்லுங்கள். வானொலியிலோ போனிலோ கிளாட்டைஸ் எச்சரிக்கை வந்தால் அன்று கிளம்ப வேண்டாம், விடுதிக்கு ஒரு நாள் வாடகை போனாலும் சரி.

டயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஜெர்மனியில் பனி, உறைபனிச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த குறியுள்ள டயர்தான் செல்லும், வெறும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் போட்ட பழைய டயர் செல்லாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சாலை நிலையில் கட்டாயம், அதோடு ஒரு கூடுதல் நிபந்தனையும் உண்டு: டயரில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் குறைந்தது 4 மி.மீ. இருக்க வேண்டும். ஜெர்மனியில் 'பரவாயில்லை, இன்னும் ஒரு சீசன் ஓடும்' என்று மெக்கானிக் சொன்ன டயர் ஆஸ்திரியாவில் கோடைக்கால டயராகக் கருதப்படும். இந்த வாரமே அளந்து பாருங்கள். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 20 வரை உறையாததாக இருக்கட்டும். டேங்க் பாதிக்குக் கீழே போகவே விடாதீர்கள். மலைப்பாதையில் விபத்து நடந்து இரண்டு மணி நேரம் நிற்க நேர்ந்தால், அந்தப் பெட்ரோல்தான் பெரியவர்களுக்கு ஹீட்டர்.

அடுத்தது, நான் அதிகம் சொல்ல விரும்புவது. ஒரு டிசம்பரில் நான் ஓட்டிய வேனில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மகன், மருமகள், பேத்திகளோடு வந்திருந்தார். காலையிலிருந்து மிகவும் சாதுவாக உட்கார்ந்திருந்தார். மூன்று மணி வாக்கில் பேச்சு குழற ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தி விசாரித்தால், காலையில் குடித்த காபிக்குப் பிறகு அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்றேன். "அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் சிரமம்" என்றார். சர்க்கரை நோயாளி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், இரண்டு பாட்டில் சலைன் ஏறி, இரவு எட்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். அவர் மகன் அன்று அழுததை நான் மறக்கவில்லை.

உங்கள் மாமாவும் இதைத்தான் செய்வார். மகனிடம் ஒருவேளை சொல்வார், மருமகள் காதுபட "வண்டியை நிறுத்தச் சொல்லும்மா" என்று சொல்லவே மாட்டார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அத்தையும் அப்படித்தான், அவருக்கு இன்னும் கூச்சம் அதிகம். அதனால் யாரையும் கேட்காமலே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும். "யாருக்காவது பாத்ரூம் போகணுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் பதில் எப்போதும் "வேண்டாம்" தான். "பையனுக்கு இறங்கணும், எல்லாரும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். பேரன் பேரில் எல்லாம் நடக்கும். இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது கால் வீக்கத்துக்கும் நல்லது, நெடுநேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைவதையும் தடுக்கும். ஜெர்மன் ஆட்டோபானில், அதாவது நெடுஞ்சாலையில், பல இடங்களில் கழிவறைக்கு ஆளுக்கு ஒரு யூரோ. அந்தச் சில்லறையை நீங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணில் படாமல் போடுங்கள். ஒன்றுக்குப் போக இத்தனை ரூபாயா என்று அத்தை ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்க மாட்டார். காபி, சூப் விலையையும் ரூபாயில் சொல்லாதீர்கள்.

சரி, வழி. என்னிடம் விட்டால் இரண்டே இரண்டு ஊர். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் மூன்று இரவு, லூசர்ன் பக்கம் நான்கு இரவு. மொத்தச் சாலை 850 கி.மீ. சுற்று, மூன்றே நாள்தான் நீண்ட ஓட்டம். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே இருங்கள். 20-ஆம் தேதி வருகிறவர்களுக்கு நாலரை மணி நேர வித்தியாசம் உடம்பில் சேர நாலைந்து நாள் வேண்டும். அத்தை அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் ஊர் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மியூனிக் மரியன்பிளாட்ஸ் கிறிஸ்துமஸ் சந்தையைக் காட்டிவிடுங்கள், 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அன்று மதியம் இரண்டு மணிக்குக் கடைகளும் மூடினால் 26 முடிந்த பிறகுதான் திறக்கும். உங்களுக்கு இது தெரியும். ஊரிலிருந்து வருகிறவர்கள் வெறிச்சோடிய தெருவைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

27 வாக்கில் கிளம்பலாம். அது சனிக்கிழமையாக இருந்தால் ஒரு நாள் தள்ளுங்கள். பனிச்சறுக்கு விடுதிகளில் ஆள் மாறும் நாள் அது, மொத்த பவேரியாவும் சாலையில் இருக்கும். இன்ஸ்ப்ரூக்குக்குப் போன் இரண்டு வழி காட்டும். கார்மிஷ் வழி தூரம் குறைவு, ஆனால் கடைசியில் ட்சிர்லர்பெர்க் என்ற செங்குத்தான இறக்கம் வரும். பனியில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அதில் இறங்க வேண்டாம். ரோசன்ஹைம், குஃப்ஸ்டைன் வழியாக மோட்டார்வேயில் 165 கி.மீ., தட்டையான பள்ளத்தாக்குச் சாலை. நெரிசல் என்றால் பொறுமையாக நில்லுங்கள். ஊர்ச்சாலையில் இறங்கித் தப்பிக்கலாம் என்று போன் ஆசை காட்டும். இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநிலத்தில் பல ஊர்ச்சாலைகளில் சீசன் வார இறுதிகளில் வெளிவண்டிக்குத் தடை இருக்கிறது.

இன்ஸ்ப்ரூக்கை நான் சொல்வதற்குக் காரணம், அங்கே மலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நகர மையத்தில் ஏறினால் முதலில் சிறு மலை ரயில், பிறகு கேபிள் கார், அரை மணி நேரத்துக்குள் 1,905 மீட்டர் உயரத்தில் ஸேக்ரூபே. அத்தை அதிகம் நடக்க வேண்டியதில்லை. பேரனும் தாத்தாவும் பனியைக் கையில் அள்ளலாம், குளிர் தாங்காவிட்டால் உடனே இறங்கி வந்துவிடலாம். பழைய நகரத்தில் 1500 வாக்கில் மாக்சிமிலியன் பேரரசர் காலத்தில் எழுந்த தங்கக் கூரை இருக்கிறது, தங்க முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். நம் ஊர்க் கோயில் விமானங்களைப் பார்த்தவர்கள் அதன் முன் நின்று ரசிப்பார்கள். மரியா தெரேசியன் தெருச் சந்தை கிறிஸ்துமஸுக்குப் பிறகும் ஜனவரி 6 வரை நடக்கும். பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

அங்கிருந்து லூசர்ன் 310 கி.மீ. ஆர்ல்பெர்க் சுரங்கம் வழி. அது 14 கி.மீ. நீளம், தனிக் கட்டணம். சுரங்கத்துக்குள் மூச்சு முட்டுவதுபோல் சிலருக்குத் தோன்றும், "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்திரியாவுக்குப் பத்து நாள் வின்யெட், அதாவது மோட்டார்வே கட்டணச் சீட்டு, போதும். ஸ்விட்சர்லாந்தில் வருடச் சீட்டு மட்டும்தான், 40 ஃபிராங்க். புது வருடத்துக்கான சீட்டு டிசம்பர் 1 முதலே செல்லும், அதனால் பழைய வருடத்துக்குத் தனியாக வாங்க வேண்டாம். இரண்டையும் அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பிடுங்குகின்றன. பாஸ்போர்ட்டுகள் டிக்கியில் அல்ல, உங்கள் கைப்பையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது, திரும்பும்போது கேட்கக்கூடும்.

லூசர்னில் மாமாவையும் அத்தையையும் முதலில் ரீகி மலைக்குக் கூட்டிப்போங்கள். எல்லாரும் யுங்ஃப்ராவ்யோக் மலை ஸ்டேஷனைத்தான் சொல்வார்கள். அது 3,454 மீட்டர், காற்று மெலிந்திருக்கும். 69 வயதில் இன்சுலின் போடுகிறவரை டாக்டரைக் கேட்காமல் அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். ரீகி 1,797 மீட்டர்தான். பல்சக்கர ரயில் உச்சிக்குக் கிட்டவே கொண்டுபோய் விடும். ஏரிக்கரை ஊரான விட்ஸ்நாவிலிருந்து ஏறும் அந்தப் பாதை 1871-இல் திறந்தது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். டிசம்பரில் லூசர்ன் ஏரி நாள் கணக்கில் சாம்பல் நிற மூட்டத்துக்குள் கிடக்கும். ரயில் அந்த மூட்டத்தைத் துளைத்து மேலே வந்ததும் திடீரென்று நீல வானம், வெயில். கீழே மேகம் கடல்போல் பரந்திருக்கும், தூரத்துச் சிகரங்கள் தீவுகள் மாதிரி நிற்கும். அந்த நிமிடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். எத்தனையோ முறை போயிருக்கிறேன், எனக்கும் இன்னும் அப்படித்தான்.

புத்தாண்டு அன்று கோயிலுக்குப் போகாமல் அத்தைக்கு மனம் ஆறாது. லூசர்னிலிருந்து பெர்ன் ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே ஐரோப்பா பிளாட்ஸில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் ஈழத் தமிழர்கள் நடத்தும் ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது. தமிழில் வழிபாடு. அன்றைய நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விருதுநகரிலிருந்து வந்தவர்கள் வெளியே பனி கொட்டும்போது உள்ளே தேவாரம் கேட்டு நிற்பது அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லூசர்ன் நகருக்குள் அந்த வாரம் அறை விலை கட்டுப்படியாகாது. ரயில் சந்திப்பான ஆர்த்-கோல்டாவ் பக்கம் சமையலறை உள்ள வீடாகத் தேடுங்கள், ரீகிக்கு அங்கிருந்தும் பல்சக்கர ரயில் ஏறுகிறது. காரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நான்கு நாளும் ரயில், கப்பல் என்று சுற்றலாம். கணவரும் அப்போதுதான் ஜன்னல் வழியாக எதையாவது பார்ப்பார்.

சமையலறை உள்ள வீடு இரண்டு ஊரிலும் கட்டாயம். மார்கழியில் அத்தை அசைவம் தொடாதவராக இருக்கலாம், மாமாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். ரைஸ் குக்கரும் பருப்பும் கூடவே போகட்டும். காலையில் அத்தை ஒரு ரசம் வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டால், மதியம் மலை மேல் அதன் அருமை தெரியும். அவரும் வெறும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிற சங்கடம் இல்லாமல் இருப்பார். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வீட்டு நெய் இரண்டும் கொண்டுவரக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லை. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சாத்தூர் சேவு, பொடி வகை, ஊறுகாய், தேங்காய் பரவாயில்லை. பேரனுக்கென்று ஆசையாகக் கிண்டிக் கொண்டுவந்ததை விமான நிலையத்தில் குப்பையில் போட வைத்தால் அந்த வருத்தம் வாரக்கணக்கில் நிற்கும்.

காரில் உட்காரும் இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஐந்து சீட் காரில் பின்னால் மூன்று பேர், அதில் ஒன்று குழந்தை சீட். நம் வழக்கத்தில் மாமா முன்னால், அத்தை பின்னால் இடுங்கிக்கொண்டு. முழங்கால் வலிக்காரர் முன்சீட்டில், சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். முடிந்தால் அந்த எட்டு நாளைக்கு ஏழு சீட் வண்டி வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது குளிர்கால டயர் இருக்கிறதா, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். குண்டு ஜாக்கெட்டோடு சீட் பெல்ட் போடக் கூடாது, பெல்ட் உடம்பைப் பிடிக்காது. ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் போர்வை போர்த்திவிடுங்கள்.

மாமாவின் இன்சுலின் இரவில் காரில் கிடக்கவே கூடாது. உறைந்துபோனால் அது வீண், திரும்ப உருகினாலும் போடக் கூடாது. வெளியே போகும்போது சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் கடும் குளிரில் சரியாக வேலை செய்யாது, உள்ளே வந்து கை சூடான பிறகு பாருங்கள். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் எதுவும் காலில் வைக்க வேண்டாம், சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். தினமும் இரவு பாதத்தை யாராவது பார்க்க வேண்டும், மகனே பார்க்கட்டும். விசாவுக்கு எடுத்த காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை அல்லது வரம்பு வைக்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் இன்றே படித்துவிடுங்கள். அவசரம் என்றால் மூன்று நாட்டிலும் 112.

இனி, நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. இதையெல்லாம் வீட்டில் யார் சொல்வது? கணவரிடம் நீங்கள் சொல்லுங்கள், தனியாக, இந்தக் கிலோமீட்டர் கணக்கையும் சூரியன் மறையும் நேரத்தையும் வைத்து. அவர் அப்பா அம்மாவிடம் அவரே சொல்லட்டும். வெனிஸ் இல்லை, பாரிஸ் பிறகு, அத்தை முன்சீட்டில் என்கிற எதுவும் உங்கள் வாயிலிருந்து முதலில் வரக் கூடாது. நீங்கள் எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும் மருமகள் குறைத்துவிட்டாள் என்று கேட்கும். மகன் சொன்னால் பிள்ளை நம்மைப் பற்றி யோசித்திருக்கிறான் என்று கேட்கும். இது நியாயமில்லைதான், ஆனாலும் நம் வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. பயண நேரத்தில் அதோடு சண்டை போட வேண்டாம்.

மாமாவின் "உங்க இஷ்டம்மா"வை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கிறவர் சொல்லும் பதில் அது. எங்கே போகலாம் என்று கேட்டால் அதுதான் வரும். வீடியோ காலில் பேரனை உட்கார வைத்து, "தாத்தா, மலை ரயில்ல போகலாமா, கப்பல்ல போகலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒருமுறை ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டபோது, "மாட்டுக்கு அங்கே குளிராதா? அதுங்களை எங்கே கட்டுறாங்க?" என்றார். அடுத்த நாள் ஒரு பண்ணை வீட்டில் நிறுத்தினோம். அந்தப் பயணத்தில் அவர் ஊருக்குப் போய்ச் சொன்னது அந்தத் தொழுவத்தைப் பற்றித்தானாம், மகன் எழுதியிருந்தார்.

கடைசியாக அத்தையின் ஷூ. இப்போது வாங்காதீர்கள். அவர் வந்து இரண்டு நாள் கழித்து, விமானத்தில் வீங்கிய கால் வடிந்த பிறகு, கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்கு வரட்டும். ஊரில் போடும் அளவைவிட ஒன்று பெரியது, விரல் பக்கம் அகலமானது, கணுக்காலுக்கு மேல் வருவது, அடியில் ரப்பர் ஆழமாக வெட்டியது. கயிறு வேண்டாம், குனிந்து கட்ட முடியாது. பக்கவாட்டு ஜிப் அல்லது ஒட்டுப்பட்டை இருக்கட்டும். பனிக்கட்டித் தெருவுக்கு ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டை ஒரு ஜோடி தனியாக வாங்குங்கள், கடைக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும், பளிங்குத் தரையில் அதுவே வழுக்கும். அவர் சேலையில்தான் வருவார் என்றால் வரட்டும். அடியில் கம்பளித் தெர்மல் கால்சட்டை, பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சேலையைக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், கரை பனியில் நனைந்தால் உறைந்து விறைத்துப்போய்க் காலைத் தடுக்கும். வாழ்நாள் முழுக்கச் செருப்புப் போட்டவருக்கு மூடிய ஷூவில் நடையே மாறிவிடும். கிளம்பும் முன் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கட்டும். வாசலில் ஒரு சின்ன ஸ்டூலும் போட்டு வையுங்கள், முழங்கால் வலியோடு நின்றுகொண்டு அதைக் கழற்ற முடியாது.